சிங்காநல்லூரில் கப்பல் உடைத்த டிங்கர் அண்ணன்

கப்பல் கட்டத் தெரிந்தவர்கள் உலகத்தில் ஏராளமாக இருக்கிறார்கள். கப்பலை மரியாதையாக உடைக்கத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் சிங்காநல்லூரில் இருக்கிறார். கடலை இதுவரை பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. "கப்பலுக்கு ரிப்பேரு கரையிலதானுங்க பண்றாங்க. தண்ணிகிட்ட போயி நமக்கு என்ன சோலி?" என்பார்.

அவருடைய பெயர் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. வாசல் செக்யூரிட்டியின் நோட்டில் பெயர் எழுதும் இடத்தில் 'டிங்கர்' என்று எழுதுவார். கையெழுத்துப் போடும் இடத்திலும் 'டிங்கர்' என்றே எழுதுவார். பஸ், கார்களில் விழுந்த ஒடுக்கைத் தட்டி எடுக்கும் வேலைக்கு டிங்கரிங் என்று பெயர். இருபது வருடம் ஒடுக்கு எடுத்த அந்த மனிதரைத்தான் நாங்கள் ஒடுக்கு போடக் கூப்பிட்டோம்.

நான் வேலை பார்ப்பது சரவணம்பட்டியில். கப்பலும் கப்பலும் மோதினால் என்ன ஆகும் என்று கணினியில் மோதவிட்டுப் பார்ப்பது எங்கள் தொழில். என் மாமியார் ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொல்லிப் பார்த்தார். "மருமக கம்ப்யூட்டர்ல கப்பல ஒடைக்கறா" என்று அவர் சொன்னதும், உறவுக்கார அம்மா ஒருவர், "கைக்கொழந்தைய வெச்சுட்டு கேம் ஆடிட்டிருக்கறாளா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து நான் ஐடியில் இருக்கிறேன்.

உண்மையில் அது விளையாட்டு இல்லை. கப்பலின் பக்கச் சுவரைக் கணினியில் வரைந்து, சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 'நீ இவ்வளவு இழுபடலாம், அதற்கு மேல் கிழிந்துவிடவேண்டும்' என்று சொல்லிவைக்கவேண்டும். பிறகு இன்னொரு கப்பலின் மூக்கை அதன்மேல் விடவேண்டும். இரண்டு நொடியில் நடக்கும் மோதலைக் கணக்குப்போட்டு முடிக்கக் கணினிக்கு ஒரு நாள் ஆகும். அது சொல்வது சரியா என்று பார்க்க நிஜக் கப்பலை உடைக்க யாரும் தரமாட்டார்கள். அதனால் பக்கச் சுவரைச் சின்னதாக, ஒரு கதவு அளவுக்கு, மெல்லிய தகட்டில், பின்னால் தாங்கு பட்டைகள் வைத்துச் செய்து, பெரிய பிரஸ்ஸில் வைத்து, கூம்பு மாதிரி ஓர் இரும்பு மூக்கால் அழுத்தி நசுக்குவோம். சின்னதில் கணினி சொன்னதே நடந்தால், பெரியதிலும் அதை நம்பலாம்.

அந்தச் சின்னக் கப்பலைச் செய்பவர்தான் டிங்கர் அண்ணன். சிங்காநல்லூரில் பம்ப் பாகங்கள் அழுத்திக்கொண்டிருந்த ஒரு பழைய ஷெட்டை எங்கள் கம்பெனி வாடகைக்கு எடுத்திருக்கிறது. பிரஸ்ஸும் அவரும் அங்கே இருக்கிறார்கள்.

முதல் நாள் அலுவலகத்துக்கு வந்தபோது அவர் உள்ளேயே வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு வண்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஜோசியர் உள்ளங்கையைப் பார்ப்பதுபோல அவர் ஒடுக்கைப் பார்ப்பார். எங்கள் மேனேஜர் இறங்கிப்போய் வரவேற்றார். தன் காரின் பின்பக்க ஒடுக்கை அவர் குனிந்து பார்ப்பதைக் கண்டு, "டவுன் பஸ்காரன் இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டானுங்க" என்றார். அந்தக் கதையை அலுவலகம் முழுக்க ஒரு மாதமாகக் கேட்டிருந்தோம்.

டிங்கர் அண்ணன் விரலால் ஒரு தடவு தடவினார். "பஸ்ஸு இல்லீங்க சார். இது தூணுங்க. ரிவர்ஸ்ல மெதுவாத்தான் வந்திருக்கறீங்க. ஆனா ரெண்டு தடவ இடிச்சிருக்கறீங்க."

மேனேஜர் அவசரமாக அவரை மேலே அழைத்துப் போனார். அன்று முதல் அவர் சொல்வதற்கு மேனேஜர் மறுபேச்சுப் பேசியதில்லை.

ஒடுக்கு விழுந்த பொருளை அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர், பந்திக்குப் போகும் வழியில் சமையல்கட்டில் ஒரு சாம்பார் அண்டாவைப் பார்த்துவிட்டார். முகூர்த்த நேரத்தில் மேளம் ஒரு பக்கம், அண்டாவின் மேல் இவருடைய கொட்டாப்புளிச் சுத்தியல் ஒரு பக்கம். மேளக்காரர் மூன்று முறை திரும்பிப் பார்த்தாராம். இதை அவருடைய மனைவியே என்னிடம் சொன்னார். "தாலி கட்டறத இவரு பாக்கலீங்க. அண்டா மட்டும் புதுசாட்ட ஆயிருச்சுங்க."

இப்படிப்பட்டவரிடம் போய், நசுக்குவதற்கென்றே ஒரு சாமான் செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? முதல் மாடலை பிரஸ்ஸில் ஏற்றிய அன்று, பட்டனை அமுக்குவதற்கு முன்னால் அவர் வெளியே போய்விட்டார். குழாயடியில் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு வெளியே என் கணவர் நின்றதுகூட அவ்வளவு கலக்கமாக இல்லை.

கலக்கம் என்றால் அந்த நாட்களில் எனக்குத்தான் அதிகம். பிரசவ விடுப்பு முடிந்து வந்ததும் என் கையில் கொடுத்த முதல் பெரிய வேலை அது. ஒரு பயணிகள் கப்பல். அதற்கு இரட்டைச் சுவர். வேறொரு கப்பல் பக்கவாட்டில் மோதினால் வெளிச்சுவர் எவ்வளவு ஆழத்தில் கிழியும், உள்சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தப்பிப்பார்களா என்பது கேள்வி. கணினி வேலை முழுக்க என்னுடையது. மூன்று மாடல் நசுக்குவதாக ஏற்பாடு.

முதல் மாடல் நான் சொன்ன ஆழத்தில் கிழியவில்லை. மூக்கு இன்னும் இறங்கியது. தகடு பூரி மாவுபோல இழுபட்டுக்கொண்டே போனது. கிழிந்தபோது என் கணக்கைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. இரண்டாவது மாடலும் அப்படியே.

வீட்டில் கேஸை மூடினேனா என்று மூன்று முறை பார்த்துவிட்டு, மூன்று முறை பார்த்தேனா என்று நான்காவது முறை போகிறவள் நான். கணக்கை விடுவேனா? தகட்டின் கனம் சரி. தகடு வாங்கிய இடத்தில் கொடுத்த சோதனைத் தாளில் உள்ள எண்கள் சரி. பட்டைகள் சரி. எல்லாமே சரி, பதில் மட்டும் தப்பு. தூக்கமில்லாத மூளையில் ஏதோ கழன்றுவிட்டது என்று எனக்கே தோன்றத் தொடங்கியது.

மேனேஜர் கூப்பிட்டார். கோயம்புத்தூரில் ஒருவரை வேலையிலிருந்து விலக்குவதற்கும் ஒரு மரியாதை உண்டு. "தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பா சின்னது, உங்களுக்கும் சிரமந்தானுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கப்பல் கம்பெனிக்காரங்க நேர்ல பாக்க வர்றாங்க. மூணாவதும் பொருந்தலைன்னா, இத பெங்களூர் ஆபீசுக்கு மாத்திரலாம்னு இருக்கறேனுங்க."

"சரிங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கவேண்டும் என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் தோன்றியது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது மாடலை என் கையாலேயே அளந்துவிடலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். குழந்தைகள் காப்பகத்துக்கு விடுமுறை. கணவருக்கு ஷிப்ட். அதனால் ஒன்றேகால் வயது மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். முந்தின நாள் கட்டில் விளிம்பில் இடித்து அவளுக்கு நெற்றியில் வீங்கியிருந்தது. டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லியும் நான் நம்பவில்லை.

டிங்கர் அண்ணன் முதலில் அதைத்தான் பார்த்தார். "கட்டிலுங்களா?"

"ஆமாங்ணா. பயமா இருக்குது."

தொடாமல், தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "வெளியத்தானுங்க வந்திருக்குது. உள்ள போகல. ஓரத்துல நேரா உளுகல, சரிஞ்சு பட்டிருக்குது. வெசனப்படாதீங்க அம்மணி, ரெண்டு நாள்ல தானா அமுங்கிக்கும்." டாக்டரைவிட இவரை நம்பினேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் மறுபடி வேலைக்குத் திரும்பினார். கண்ணாடியை மாட்டினார். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். நீலச் சுடரைச் சின்னதாக்கி மாடலின் தகட்டுப் பக்கம் கொண்டுபோனார்.

"என்னங்ணா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. பட்டைக்கு வெல்டு வெச்சதுல தகடு மேடும் பள்ளமுமா அலையடிச்சுப் போச்சுங்க. சித்த சிவக்க நெருப்பு காட்டி, ஆற உட்டு, ரெண்டு தட்டு தட்டுனா கண்ணாடியாட்ட ஆயிரும்."

என் தலைக்குள் ஏதோ ஒன்று நின்றது. "முதல் ரெண்டுக்கும் இப்படித்தான் பண்ணீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. "பின்ன? அலையோடவா அனுப்புவேன்? என்னைய என்னன்னு நெனச்சுட்டீங்க?"

"அணைங்ணா! அணைங்க!" என்று கத்திவிட்டேன். வேலை பார்க்கும் இடத்தில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் முறை. மகள் அழ ஆரம்பித்தாள். அவர் பயந்துபோய் டார்ச்சை அணைத்துவிட்டு, பக்கத்தில் எதுவும் தீப்பிடித்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார்.

கவிழ்த்துவைத்த பெயின்ட் டிரம்மின்மேல் உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். தகட்டைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் இளகிவிடும். கிழியவேண்டிய நேரத்தில் கிழியாமல் இழுபடும். நான் கணினிக்குச் சொன்னது கடையிலிருந்து வந்த தகட்டைப் பற்றி. அவர் பிரஸ்ஸில் வைத்தது அவர் இளக்கிய வேறு தகடு. என் கணக்கும் தப்பில்லை, அவர் வேலையும் தப்பில்லை. இரண்டு பேரும் வெவ்வேறு கப்பலை உடைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப நெசக் கப்பல்ல அலை இருக்காதுங்களா?"

"எல்லாக் கப்பல்லயும் இருக்கும்ங்ணா. வெல்டு வெச்சா வரத்தானே செய்யும்?"

"அத்தன பெரிய சாமான அலையோடவா தண்ணியில எறக்கறாங்க?" கலெக்டர் பங்களாவில் பல நாளாகக் கூட்டிப் பெருக்கவில்லை என்று கேள்விப்பட்டவர்போலத் திகைத்தார். "கடல்ல வந்து ஆரு பாக்கப்போறான்னு உட்டுட்டாங்களாட்ட இருக்குது."

"இதையும் அப்படியே விட்டுடணும்ங்ணா."

அதற்கு மட்டும் அவர் லேசில் இசையவில்லை. "வெள்ளிக்கிழம ஆளுங்க வர்றாங்கன்னு சொன்னீங்க. ஒறம்பரை சனம் வர்ற அன்னைக்கு ஊட்டக் கூட்டாம வெக்கச் சொல்றீங்களே அம்மணி. இத செஞ்சது ஆருன்னு கேக்கமாட்டாங்களா?"

"இது பொருந்தலைன்னா இந்த வேலைய என்கிட்ட இருந்து எடுத்துடுவாங்கண்ணா." அதை வாய்விட்டுச் சொன்னபோதுதான் எனக்கே அழுகை வந்தது. ஏற்கெனவே அழுதுகொண்டிருந்த மகள் என்னைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

டிங்கர் அண்ணன் எழுந்துபோய் கேஸ் சிலிண்டரை மூடினார். அதைத் திறக்கும் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். இரண்டடி நடந்தார். திரும்பி வந்து சாவியை என் கையில் வைத்தார். "நீங்களே வெச்சுக்குங்க. எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது."

அந்த வாரம் முழுவதும் என் கைப்பையில் டயப்பர், பிஸ்கட் டப்பாவோடு ஒரு சிலிண்டர் சாவியும் இருந்தது.

அலையை விட்டுவைத்தால் போதாது, அது எங்கே எவ்வளவு என்று கணினிக்கும் சொல்லவேண்டும். மேடுபள்ளம் அளக்க இருந்த ஒரே கேஜை வைத்து ஒவ்வொரு புள்ளியாக அளந்தால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். டிங்கர் அண்ணன் ஒரு பழைய வேட்டித் துணியை எடுத்துத் தகட்டின்மேல் விரித்தார். துணிக்கு மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். வெறுங்கையைவிடத் துணிக்கு மேல்தான் மேடுபள்ளம் நன்றாகத் தெரியுமாம்.

"எளுதிக்குங்க. மேலருந்து மூணாவது கட்டம், அர நூலு உள்ள. அதுக்கு அக்கட்டால கால் நூலு வெளிய."

நூல் என்பது பட்டறைக் கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதினாலும் மனசு கேட்கவில்லை. ஆறு இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கேஜ் வைத்துப் பார்த்தேன். ஐந்து இடத்தில் அவர் சொன்னதே வந்தது. ஆறாவதில் வரவில்லை.

"இங்க மட்டும் வேற காட்டுதுங்ணா" என்றேன், கொஞ்சம் தயங்கி.

அவர் மறுபடி துணியை வைத்துப் பார்த்தார். "கேஜை ஒருக்கா தொடச்சுட்டுப் பாருங்க அம்மணி." கேஜின் அடியில் ஓர் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அந்த அலைகளையெல்லாம் கணினியில் ஏற்றினேன். மூன்று முறை ஓட்டினேன். இந்தமுறை நடுவில் கிழியாது, இரண்டாவது பட்டையின் ஓரத்தில் கிழியும் என்று கணினி சொன்னது. ஆழத்தையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேனேஜரிடம் கொடுத்தேன். கொடுத்த ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை. அந்த வாரத்தில் நான் செய்த தைரியமான காரியம் அது.

வெள்ளிக்கிழமை கப்பல் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அதில் மூத்தவர், பல வருடம் கடலில் இருந்தவர், பிரஸ்ஸில் ஏற்றிய மாடலைக் குனிந்து பார்த்தார். வெளிச்சம் பட்டு அலையெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

"யாரு சார் இத செஞ்சது? கொஞ்சம் அலையா இருக்கே?"

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டிங்கர் அண்ணன் முன்னால் வந்துவிட்டார். அன்றைக்கென்று சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"நான்தானுங்க. நேராக்கத் தெரியாம உடலீங்க. அம்மணி வேண்டாம்னுட்டாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முதல் இரண்டு மாடலுக்கு என்ன நடந்தது என்று சொன்னேன். நிறுத்தாமல் சொல்லிமுடித்தேன். மூத்தவர் சிரிக்கவில்லை. "எங்க யார்டுல இதைவிட மோசமா இருக்கும். அப்படியே அமுக்குங்க" என்றார்.

டிங்கர் அண்ணன் இந்தமுறை குழாயடிக்குப் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார்.

மூக்கு இறங்கியது. தகடு முனகியது. ஆழம் காட்டும் எண்கள் ஏறிக்கொண்டே போயின. நான் எழுதிக்கொடுத்த எண் நெருங்கியது. கிழிந்துவிடு, கிழிந்துவிடு என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பயணிகள் கப்பலைப் பார்த்து ஒரு தாய் வேண்டக்கூடிய வேண்டுதலா அது?

"டப்" என்று ஒரு சத்தம். இரண்டாவது பட்டையின் ஓரத்தில், மேலிருந்து கீழாக, தையல் பிரிந்ததுபோலக் கிழிந்தது.

மேனேஜர் உறையைப் பிரித்துப் படித்தார். இடம் அதே இடம். ஆழத்தில் ஒரு நகக்கனம்தான் வித்தியாசம். உள்சுவரில் கீறல்கூட இல்லை. மூத்தவர் டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க" என்றார். பிறகு எனக்குக் கைகொடுத்தார். அடுத்ததாக டிங்கர் அண்ணனுக்கும் கொடுத்தார்.

டிங்கர் அண்ணன் கிழிசலின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கிய முகம். "நல்லா கிழிஞ்சிருக்குதுங்க" என்றார். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினார். "சாவிங்க அம்மணி."

"பெங்களூருக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேனுங்க" என்று மேனேஜர் என்னைப் பார்க்காமலே சொன்னார். வேலை என்னிடமே இருந்தது. அந்தக் கப்பல் இப்போது எங்கோ ஒரு கரையில் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கச் சுவரில் பட்டைகள் எங்கே வரவேண்டும் என்று முடிவானது சிங்காநல்லூர் ஷெட்டில். இதை நினைக்கும்போதெல்லாம், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாமா என்று எனக்கு வாய் துறுதுறுக்கும்.

கிழிந்த அந்த மாடலைச் சரவணம்பட்டிக்குக் கொண்டுவந்து, வரவேற்பறையில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, மேலே விளக்கும் போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். டிங்கர் அண்ணன் வாரம் ஒருமுறை புது வேலையின் வரைபடம் வாங்க வருவார். அவர் வந்துபோன பிறகு பார்த்தால் மாடல் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கிழிசலில் அவருக்கு வருத்தமில்லை. அலைதான் அவருக்கு ஆகவில்லை. நான் திருப்பிவைப்பேன். அடுத்த வாரம் மறுபடி சுவரைப் பார்க்கும். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

போன வாரம் மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டுச் சீக்கிரமே வந்துவிட்டேன். வரவேற்பறையில் அவர் மட்டும் இருந்தார். யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஸ்டாண்டோடு சேர்த்து அதை ஒரு பக்கமாக மெல்லத் தூக்கி, கீறல் படாமல், தூங்குகிற குழந்தையைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோலத் திருப்பினார். நான் படிக்கட்டிலேயே நின்று, அவர் போன பிறகு உள்ளே வந்தேன்.

அன்று சாயங்காலம் வரை அது சுவரைப் பார்த்தபடியே இருந்தது. நான் திருப்பிவைக்கவில்லை.